சொன்னவரே விற்ற திங்கட்கிழமை

கொஞ்ச நாட்களாக இளங்கோவன் எங்கள் பஸ்ஸில் வரவில்லை.

முதல் நாள், உடம்புக்கு ஏதோ என்று நினைத்தோம். மறுநாள், ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் நினைக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஷேர் மார்க்கெட் விழுந்துகொண்டிருந்தது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நான் குடியிருப்பது பெரம்பலூரில்; காமர்ஸ் சொல்லிக்கொடுப்பது அரியலூரில் ஒரு கல்லூரியில். தினமும் காலையில் அதே பஸ், பெரும்பாலும் அதே முகங்கள். கரும்பு, சிமெண்ட், மருமகள், அரசியல் என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் அரியலூரில் இறங்குவோம்.

போன வருடம் இந்தப் பட்டியலில் ஷேரும் சேர்ந்துகொண்டது. சேர்த்துவிட்டவர் இளங்கோவன்.

பூலாம்பாடிக்காரர். நாற்பதைத் தாண்டியவர். அரியலூரில் சிமெண்ட் ஏற்றும் லாரிகளுக்கான ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறார். குடும்பத்தோடு பெரம்பலூரில் வாடகைக்கு இருக்கிறார். நல்ல மனிதர். இந்தக் கதைக்கு அது முக்கியம் — கெட்ட எண்ணத்தோடு அவர் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. தான் வாங்கினதை மற்றவர்களும் வாங்கட்டும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

பஸ் பேரளியை நெருங்கும்போது மார்க்கெட் திறக்கும். பாதி பஸ் ஃபோனை எடுக்கும். "என்னா இளங்கோ, எப்புடி இருக்கு?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்பார். விலை ஏறித் திரை பச்சையாக இருந்தால் பஸ்ஸே சிரிக்கும். அப்போதெல்லாம் எல்லா நாளும் பச்சைதானே?

என்னையும் கேட்பார்கள். "சார் காமர்ஸ்ல, சாருக்குத் தெரியாததா?" என்பார்கள். பங்கு என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்லித்தருகிறவன் நான். எதை வாங்குவது என்று சிலபஸ்ஸில் இல்லை. நானும் சிலது வைத்திருக்கிறேன். விலை இறங்கினால் பார்ப்பதில்லை என்பதுதான் என் திட்டம்.

பிறகு இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் சிவப்பு... சரி, நாளைக்கு ஏறும். மறுநாளும் சிவப்பு. வாரம் முழுக்கச் சிவப்பு. எங்கோ ஒரு போர், எங்கோ ஒரு வரி என்று டிவியில் தினம் ஒரு காரணம் சொன்னார்கள். எங்கள் பஸ்ஸில் எல்லோரும் ஒரே ஒரு காரணம்தான் சொன்னார்கள் — இளங்கோவன்.

ஏறினபோது அது அவரவர் சாமர்த்தியம். இறங்கினபோது மட்டும் இளங்கோவன். இது என்ன கணக்கு என்று எனக்கும் புரியவில்லை. நான் சொல்லித்தரும் கணக்கியலில் இல்லை.

ஒரு சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழக்கடைப் பக்கம் போனார். பின்னாலேயே போய்த் தோளைத் தொட்டேன். டீ சொன்னேன். கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். ஆள் இளைத்திருந்தார்.

அடுத்த பஸ்ஸில் வருகிறாராம். தாமதமாகப் போவதற்கு ஆபீசில் தினம் திட்டு வாங்குகிறாராம். "பரவாயில்ல சார், அந்தத் திட்டு தாங்கிக்கலாம்," என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனோடு பெரம்பலூரில் காய்கறி வாங்கப் போயிருக்கிறார். அங்கே பரமசிவம் வந்திருக்கிறார். பரமசிவம் எங்கள் பஸ்காரர்தான்; எறையூர்ப் பக்கம் கரும்பு விவசாயம், அரியலூரில் உரக்கடை. கரும்புப் பணத்தில் ஒரு பகுதியை ஷேரில் போட்டவர். நடுச் சந்தையில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் பணத்துக்கு என்ன வழி சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார்.

"கேட்டது தப்பில்ல சார். அவரு பணம், கேக்குறாரு. ஆனா பையன் பக்கத்துல நின்னான். வூட்டுக்கு வர்ற வரைக்கும் அவன் ஒரு வார்த்த பேசல. அதுலேருந்து யாரு மூஞ்சியும் பாக்க முடியல."

நான் அவருக்கு என்ன ஆறுதல் சொல்ல? ஒன்று மட்டும் சொன்னேன். ரஹ்மத் அக்கா உங்களைத் தேடுகிறார் என்று.

அவருடைய முகம் இன்னும் வெளுத்தது. "அக்காவும் திட்டட்டும் சார். அவங்களுக்குத்தான் முழு உரிம இருக்கு," என்றார்.

ரஹ்மத்துன்னிசா அக்கா, அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். கணவர் ஹாஜா பாய் பெரம்பலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அக்கா பஸ்ஸில் எங்கள் எல்லோருக்கும் அக்கா. ஷேர் வாங்குவதென்று முடிவெடுத்தபோதே அவர் இளங்கோவனிடம் கறாராகச் சொல்லிவிட்டார் — வட்டித் தொழில் வேண்டாம், சாராயம் வேண்டாம், சிகரெட் வேண்டாம். இளங்கோவன் தேடித் தேடி மூன்று கம்பெனிகளைச் சொன்னார். ஒரு சிமெண்ட் கம்பெனி, ஒரு மருந்துக் கம்பெனி, சோலார் பேனலுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி.

அந்தப் பணம் ஹஜ்ஜுக்குச் சேர்த்தது.

அதை அப்போது அவர் எங்களிடம் சொல்லவில்லை. போக எப்படியும் சில வருடம் ஆகும், அதுவரை வளரட்டும் என்று போட்டிருக்கிறார். ஆனால் இந்த வருடமே ஹஜ் குலுக்கலில் புருஷன் பெண்டாட்டி இருவர் பெயரும் வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்? ஆனால் தவணை கட்டச் சொன்ன கெடுவும் மார்க்கெட் விழுந்ததும் ஒன்றாக வந்து சேர்ந்தன. கடன் வாங்கி ஹஜ்ஜுக்குப் போவதில் அக்காவுக்கு விருப்பமில்லை. எதையாவது விற்றாக வேண்டும். எதை விற்பது? அதைக் கேட்கத்தான் இளங்கோவனைத் தேடிக்கொண்டிருந்தார், திட்டுவதற்கு அல்ல.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் இளங்கோவனும் போனோம். அக்கா வீட்டு கேட் வரைக்கும் வந்த இளங்கோவன், அதற்கு மேல் வராமல் நின்றுவிட்டார். ஹாஜா பாய் வெளியே வந்து, "உள்ள வாங்க தம்பி, வெயில்ல ஏன் நிக்கிறீங்க?" என்று கையைப் பிடித்து அழைத்துப்போனார். பாயிடம் அக்கா எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பது, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது.

அக்கா ஃபோனைத் திறந்து மேஜைமேல் வைத்தார். மருந்துக் கம்பெனி கொஞ்சம் லாபத்தில் இருந்தது. சிமெண்ட் இறங்கியிருந்தது. சோலார்... வாங்கின விலையில் பாதிக்கும் கீழே.

பாய் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. நாங்கள் இருவரும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் வேறு எங்கே பார்ப்பது?

"அதுக்கு ஏன் கண்ணு கலங்குற?" என்றார் பாய். "கொறஞ்சா கொறஞ்சதுதான். கடைச் சரக்குல கொஞ்சம் கொறச்சுக்குறேன். நசீபுல எழுதியிருந்தா போவோம். முதல்ல இவங்களுக்கு டீ போடு."

டீ வந்தது. பேச்சு ஆரம்பித்தது.

அக்கா ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். லாபத்தில் இருக்கிற மருந்துக் கம்பெனியை விற்றுவிடலாம். நஷ்டத்தில் இருப்பதை வைத்துக்கொண்டால் என்றாவது போட்ட விலைக்கு வந்துவிடும் அல்லவா? வந்ததும் கொடுத்துவிடலாம்.

நம்மில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் இதைத்தான் சொல்வோம். நானும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். நன்றாக நடக்கிற கம்பெனியை விற்றுக் கொஞ்சம் லாபத்தை எடுத்துக்கொள்கிறோம். நொண்டுகிற கம்பெனியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். விற்றால்தானே நஷ்டம், விற்காதவரை அது வெறும் எண் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது நம்மைத் தவிர உலகத்தில் வேறு யாருக்காவது முக்கியமா? அந்தக் கம்பெனிக்கு முக்கியமா?

இளங்கோவன் மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். இது மூணும் உங்ககிட்ட இல்ல. பணமா கையில இருக்கு. இன்னைக்கு இதுல எத வாங்குவீங்க?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். சிமெண்ட் வாங்குவேன் என்றார். அதில் வேலை நின்றுபோகவில்லை, விலைதான் இறங்கியிருக்கிறது. இளங்கோவனும் ஆமோதித்தார், லோடு குறையவில்லை, அவருடைய ஆபீசில் லாரி நிறுத்த இடமில்லையாம். ஒரு லாரி ஆபீசைப் பார்த்து ஊர் நிலவரத்தைச் சொல்லிவிட முடியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனாலும் அந்தக் கம்பெனிக்குப் பெரிய கடன் இல்லை, வருடா வருடம் லாபம் காட்டியிருக்கிறது என்பதை நானும் பார்த்திருந்தேன். மருந்துக் கம்பெனியையும் வாங்குவேன் என்றார் அக்கா.

"சோலார்?"

"அது வேணாம் தம்பி. யோசிக்கவே வேணாம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அக்காவுக்கே உறைத்தது. இன்றைக்கு வாங்க மாட்டேன் என்று சொல்கிற ஒன்றை, எதற்காக வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? இளங்கோவன் தன் ஃபோனில் அந்தக் கம்பெனியின் கணக்கை எடுத்துக் காட்டினார். புதிய ஆலை, புதிய ஆர்டர் என்று அறிவிப்புகள்தான் வரிசையாக இருந்தன. கடன் ஏறியிருந்தது. லாபத்தைத் தேட வேண்டியிருந்தது. இதை வாங்கும்போதே பார்த்திருக்கணும்க்கா என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இத வச்சிருக்கீங்களா தம்பி?"

"வச்சிருக்கேன்."

"இன்னைக்கு வாங்குவீங்களா?"

ஹாஜா பாய் டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வாங்கிட்டுத்தான்க்கா இருக்கேன்," என்றார் இளங்கோவன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மார்க்கெட் விழ ஆரம்பித்ததிலிருந்து மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதே சோலாரை வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். விலை இறங்க இறங்க வாங்கினால் வாங்கின சராசரி விலை குறையும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடிக்கப்போகிறான். கல்லூரிக்கு என்று எடுத்து வைத்த பணமும் அதற்குள் போய்விட்டது.

ஏன் என்று அக்கா கேட்டார். அதட்டலாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். "இது தேறாதுன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சுக்கா. ஆனா பஸ்ஸுல இத்தன பேருக்கு நாந்தான சொன்னேன்? நான் வித்துட்டா, சொன்னவனே வித்துட்டான்னு ஆயிரும். நான் வாங்கிக்கிட்டே இருந்தா, இன்னும் நம்பிக்க இருக்குன்னு அர்த்தம். அந்த நம்பிக்கைய வுட்டுட்டா நான் எல்லாத்தையும் ஏமாத்துன மாதிரிக்கா."

மனிதர்கள் எதற்கெல்லாம் ஷேர் வாங்குவார்கள் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. லாபத்துக்கு, டிவிடெண்டுக்கு, வயதான காலத்துக்கு. ஊராரிடம் முகம் காட்டுவதற்கு என்று அதில் இல்லை. நாற்பது பேர் போகிற ஒரு பஸ்ஸில் தன் வார்த்தை விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஒருவர் தன் மகனுடைய படிப்பைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார். கோபம் வரவில்லை. அந்த இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ?

அக்கா எழுந்து வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எங்கள ஏமாத்தல தம்பி. சொன்னீங்க, நாங்க வாங்குனோம். நாங்க ஒண்ணும் சின்னப்புள்ள இல்ல. நாளைக்கு நான் விக்கிறேன். நீங்களும் வித்துருங்க. பேசுறவங்க பேசட்டும்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

அக்காவுக்கு ஒரு முடிவு வந்தது. சோலாரை முழுவதும் விற்பது. மருந்துக் கம்பெனியில் ஒரு பகுதியை மட்டும் விற்பது. தவணையில் குறைகிற மீதிக்குப் பாயின் கடைப் பணம். சிமெண்டைத் தொட வேண்டாம். அந்தப் பணம் உடனே தேவையில்லை, இருக்கட்டும். இதுதான் சரியான முடிவா? தெரியாது. அவர்களுடைய தேவைக்கு அன்றைக்கு அது பொருந்தியது.

திங்கட்கிழமை காலை. இளங்கோவன் பழைய பஸ்ஸில் ஏறினார்.

கண்டக்டர்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பரமசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரஹ்மத் அக்கா மட்டும் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இங்க வாங்க தம்பி," என்று எனக்கு முன்னால் இருந்த தன் சீட்டில் இடம் காட்டினார்.

பேரளி வந்தது. மார்க்கெட் திறந்தது. அக்கா 'பிஸ்மில்லா' சொல்லி, சோலாரை விற்கிற பட்டனை அழுத்தினார். ஒரே அழுத்து, முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். அன்றைக்கு என்னவோ ஒழுங்காக இருந்தது.

இளங்கோவனுடைய கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கும்போது எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம்? விற்கும்போது அதே விரல்தான், அதே ஃபோன்தான்...

அழுத்தினார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணுங்க," என்றார். "அந்த சோலார் ஷேரு நாந்தான் சொன்னேன். சரியாப் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடதுதான். இப்ப நான் அத வித்துட்டேன். நான் சொல்லி வாங்குனவங்க, நான் வித்தது தெரியாம வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன். நீங்க விக்கணுமா வச்சுக்கணுமான்னு சொல்ல எனக்குத் தகுதி இல்ல. அத நீங்களே பாத்துக்குங்க."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வந்த சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயின.

"இப்ப சொல்லி என்னா பண்றது?" என்றார் பரமசிவம், ஜன்னலைப் பார்த்தபடியே.

"ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே," என்றார் இளங்கோவன். உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. அரியலூரில் இறங்கும்போது பின்சீட்டு ஆசாமி மட்டும் அவர் முதுகில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடந்து சில வாரம் ஆகிறது. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் விற்ற அதே வாரம் சோலார் கொஞ்சம் ஏறியது. அக்காவிடம் சொன்னேன். "தவணை கட்டியாச்சு சார், இனி அது ஏறினா என்ன, எறங்கினா என்ன?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அது மறுபடி இறங்கிவிட்டது. வைத்துக்கொண்ட சிமெண்ட் இன்னும் போட்ட விலைக்கு வரவில்லை. வருமா என்று எனக்குத் தெரியாது. அக்காவும் பாயும் அடுத்த மாதம் கிளம்புகிறார்கள். எங்கள் பஸ்ஸில் எல்லோருக்காகவும் அங்கே வேண்டிக்கொண்டு துஆ செய்வதாக அக்கா சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டுக்காகவும் செய்யச் சொல்லிச் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

இளங்கோவன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் மனைவி பேசவில்லையாம். ஆனால் மகன் பேசினானாம். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம்ப்பா என்று அவனே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பச்சை நாட்களில்கூடப் பார்த்ததில்லை.

பரமசிவம் இன்னும் அவரோடு பேசவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். கரும்பு வெட்டின பணம். கோபம் ஆறுவதற்கு அவருக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால்... எதை வாங்குவது என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. ஃபோனைத் திறந்தால் நூறு பேர் சொல்கிறார்கள். நான் சொன்னது தப்பாகிவிட்டது, நான் வெளியே வந்துவிட்டேன் என்று நாலு பேர் நடுவில் எழுந்து நின்று சொன்ன ஒரு மனிதரை, என் இத்தனை வயதில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த சோலார் கம்பெனியின் பெயரைக் கேட்டு மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள் — விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடுவீர்கள்.